வலப்பக்கம்

இடப்பக்கம் அரசாங்கத்துக்கு.
தேதி, காற்றின் திசை, பனிக்கட்டியின் கனம்.
ஹீயுமா தீவுக்கும் எஸ்தோனியக் கரைக்கும் நடுவே
கடல் உறையும் மாதங்களில்
ஜூனிப்பர் கொப்புகள் நட்டு வழி குறித்த
கடல்மேல் சாலைக்கு நான் காவல்.
சீட் பெல்ட் போடாதீர்கள் என்று சொல்ல
உலகத்திலேயே சம்பளம் வாங்குகிறவள்.
துளையிடுவேன். கோலை இறக்குவேன். எழுதுவேன்.

வலப்பக்கம் யாருக்கென்று தெரியாது.

அதைத் தொடங்கியது வெட்கத்தால்.
ஏழாவது கொப்பருகே ஒரு மாலை
அடிவயிறு ஏதோ சொன்னது.
கோல் இருபத்தெட்டு என்றது.
கோலை நம்பினேன்.
மறுநாள் கால்யுவின் ரொட்டி வண்டி
முன்சக்கரம் இரண்டும் உள்ளே போக
மூக்குக் குத்தி நின்றது.
ஆள் பிழைத்தான். ரொட்டிகள் மிதந்தன.
உனக்கு முன்னாலேயே தோன்றவில்லையா
என்று ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் பொய் சொல்லியிருப்பேன்.

பிறகு ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன்:
துளையிடுமுன் கையுறையைக் கழற்று,
தோன்றியதை எழுது,
துளையிட்டபின் திருத்தாதே.

முதல் குளிர்காலம் முழுக்கக் கேலிக்கூத்து.
ஜனவரி 9: ஏதோ சரியில்லை!
எல்லாம் சரியாகவே இருந்தது.
ஜனவரி 10: இன்று விரிசல், சத்தியமாக!
இல்லை.
ஜனவரி 14: ரெய்ன் திரும்பி வருவான்.
வந்தது தண்ணீர்க் கட்டண ரசீது.

ஏப்ரலில் அடுப்போரம் உட்கார்ந்து எண்ணினேன்.
எழுபத்தொரு தோன்றல்கள்.
பலித்தவை ஒன்பது.
நாணயத்தைச் சுண்டியிருந்தால் இதைவிடத் தேறியிருக்கும்.
நோட்டை அடுப்பில் போடக் கதவைத் திறந்தேன்,
அந்த வெளிச்சத்தில்தான் கையெழுத்தைப் பார்த்தேன்.

பொய்த்தவை எல்லாம் பெரிய எழுத்து.
அழுத்திய அழுத்தத்தில்
அடுத்த நான்கு தாளிலும் தழும்பு.
அந்த ஒன்பது மட்டும் பொடி எழுத்து,
பால் வாங்க வேண்டும் என்பதற்கும்
பேட்டரி மாற்று என்பதற்கும் இடையே
ஒதுங்கி நின்றவை:
கிழக்கே சத்தம் கம்மி.
மூன்றாவது கொப்பு, வேண்டாம்.

பயம் எழுதினால் பென்சில் முனை ஒடிகிறது.
மற்றதற்கு நான் இன்னும் பெயர் வைக்கவில்லை.
வாசலில் நின்று ஒருதரம் கூப்பிட்டுவிட்டு
பதிலுக்கு நிற்காமல் போய்விடும்
பக்கத்து வீட்டுக்காரி மாதிரி அது.

மூன்றாம் குளிர்காலம், பிப்ரவரி 20.
கோல் சொன்னது முப்பத்தொன்று.
வலப்பக்கம், பொடி எழுத்தில்: திறக்காதே.
முற்றுப்புள்ளிகூட வைத்திருக்கவில்லை நான்.

வாயிலை மூடினேன். பதினான்கு வண்டிகள் வரிசையில்.
மடியில் கல்யாணக் கேக்கோடு ஒருத்தி.
கால்யு என் குலத்தையே இழுத்துத் திட்டினான்.
அலுவலகத்திலிருந்து போன்: விர்வே, காரணம்?
காற்று, என்றேன்.
மரத்தில் ஓர் ஊசியிலை அசையவில்லை.
இடப்பக்கத்தில் நான் எழுதிய ஒரே பொய் அது.

பனி அன்று உடையவில்லை. மறுநாளும் இல்லை.
பதினான்கு வண்டியும் ஏறியிருந்தால்?
உடையாத பனியைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.
இரவு, பலித்ததா பொய்த்ததா என்று குறிக்கும் இடத்தில்
பென்சில் நின்றுவிட்டது.
மணியோசைக்காக மட்டும் தேவாலயம் பக்கம் போகிறவள் நான்.
அந்த வெற்றிடத்தின் முன்னால் எவ்வளவு நேரம் இருந்தேனோ,
அடுப்பு அணைந்து
விரல் விறைத்தபிறகுதான் தெரிந்தது.
ஜெபம் என்பது அதுவானால்
ஒருமுறை செய்திருக்கிறேன்.

இப்போது மூன்று வருடமாகக் கடல் உறையவில்லை.
படகு போகிறது. சம்பளம் நின்றுவிட்டது.
விடியலில் வாயிலடிக்கு இன்னும் வருகிறேன்,
இடப்பக்கத்தில் ஒரு கோடு கிழிக்கிறேன்,
கையுறையைக் கழற்றுகிறேன்.

இன்று வந்தது: கால்யுவுக்குப் போன் பண்ணு.
நெடுநேரம் கழித்து எடுத்தான்.
குரல் கரகரத்தது.
தூக்கமா, வேறெதுவுமா, நான் கேட்கவில்லை.
ரொட்டி வேண்டுமா? என்றான்.
ஆமாம், இரண்டு. நீயே கொண்டு வா,
காபி போட்டு வைக்கிறேன்.

எழுதிக்கொண்டேன், வலப்பக்கம்,
பொடி எழுத்தில்:
இரண்டு ரொட்டி